முத்துக்காசும் நாய்க்காசும்

அன்று காலை கடற்கரையில் வலை வைக்கும் எங்கள் வாடியில் ஆறு பேர் இருந்தோம். நான், என் தங்கை பெற்றிசியா, மகன் கிறிஸ்ரி, மகள் றொசானா, அவளுடைய கணவர் டிலோஜன், எருக்கலம்பிட்டியிலிருந்து வந்த மீன் வியாபாரி சரிபுதீன். ஞாயிற்றுக்கிழமை. முதல் பூசை முடிந்திருந்தது. பெற்றிசியா எல்லோருக்கும் பிளேன்ரீ ஊற்றினாள். சரிபுதீனுக்கு மட்டும் சீனி இல்லாமல், அவருக்கு நீரிழிவு. இஞ்சி கொஞ்சம் கூடிவிட்டது என்று நான் சொன்னேன். அதைத் தவிர அந்தக் காலையில் குறை சொல்ல எதுவும் இருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர், அந்த ஆறு பேரில் நான்கு பேரிடம் நீங்கள் வாக்குமூலம் எடுத்துவிட்டீர்கள். ஐந்தாமவரிடம் இனி எடுக்க முடியாது. என்னிடம் வந்தபோது, "நீங்க ஆறுதலா இருங்க ஐயா, பிறகு பாப்போம்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். நல்ல மனதோடு செய்தீர்கள் என்று தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு விஷயம் விசாரணைக்கு வந்தால் முதலில் பேசுகிறவன் மூத்தவன். என்னை விட்டுவிட்டு மற்றவர்களைக் கேட்டது முறையல்ல. அதனால்தான் நானே பஸ் ஏறி வந்தேன். கிறிஸ்ரிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு சட்டத்தரணியையும் கூட்டிக்கொண்டு வந்திருப்பான்.

நீங்கள் மலைநாட்டுக்காரர் என்று கேள்விப்பட்டேன். ஆகவே சிலவற்றை விளக்கிச் சொல்லவேண்டியிருக்கும். பொறுமையாகக் கேளுங்கள்.

என் பெயர் சவிரியான் எட்வேட். தாழ்வுபாடு ஊரில் கரைவலைச் சம்மாட்டி. சம்மாட்டி என்றால் வலையும் தோணியும் யாருடையதோ அவர். ஆனால் உடைமை மட்டும் ஒருவரைச் சம்மாட்டி ஆக்காது. கரையில் நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, பறவை எங்கே இறங்குகிறது என்று பார்த்து, இப்போது வலை விடலாம் என்று தோளில் கிடக்கும் துவாயை எடுத்து உயர்த்த வேண்டும். துவாய் உயர்ந்தால் தோணி போகும். முப்பது நாற்பது பேர் கயிற்றில் நிற்பார்கள். அதன் பிறகு யாரும் வாய் திறப்பதில்லை. வலையின் மடி கரைக்கு வந்து அதில் பாசி மட்டும் இருந்தாலும், சம்மாட்டி பிழைவிட்டார் என்று ஒருவரும் சொல்வதில்லை. கடல் தரவில்லை என்றுதான் சொல்வார்கள். என் அப்பாவுக்கும் அப்படித்தான். அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான். எங்கள் பூட்டனார், அரிப்பு என்ற கடற்கரை ஊரில் முத்துக் குளிப்பு நடந்த காலத்தில் ஒரு தோணிக்குத் தலைவராக இருந்தவர். எங்கள் வீட்டு வார்த்தை கடற்கரையில் நின்ற வார்த்தை. அதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால் மற்றது எல்லாம் எளிதாக விளங்கும்.

இன்னொன்று. வாடிக்குள் செருப்போடு யாரும் வரக்கூடாது. வலை கிடக்கும் இடம் அது. சுவரில் அந்தோனியார் சுருபம் இருக்கிறது. பங்குத் தந்தை வந்தாலும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் வருவார். இது நான் போட்ட சட்டம் அல்ல.

வாடிக்குப் பின்னால் ஓர் ஐஸ் அறை கட்டியிருந்தேன். கிறிஸ்ரி கட்டாரில் இருந்தபோது அனுப்பிய காசில் கூரை முழுக்க சோலார் தகடு போட்டோம். பிறகு இழுவைப் படகுகள் கடலை அரித்துக்கொண்டு போக, ஐஸ் போட்டு வைக்க மீன் இல்லாமல் போயிற்று. வெயில் மட்டும் மிச்சம். கட்டாரிலிருந்து திரும்பிய கிறிஸ்ரி, அந்த வெயிலை வீணாக்காமல் காசு எடுக்கலாம் என்றான். கொழும்பில் யாரிடமோ பழைய மெஷின் இரண்டு வாங்கி வந்தான். பிட்கொயின் எடுக்கிற மெஷின்.

நீங்கள் சிரிக்கவில்லை, நல்லது. எங்கள் ஊரில் நிறையப் பேர் சிரித்தார்கள்.

அந்த மெஷின் செய்யும் வேலை பெரிய இரகசியம் இல்லை. உலகம் முழுக்க இலட்சக்கணக்கான மெஷின்கள் ஒரே பூட்டுக்குச் சாவி தேடுகின்றன. முதலில் திறப்பவனுக்குக் காசு. ஒரு மெஷினை வைத்துக்கொண்டு தனியே தேடினால் ஆயுள் முழுக்கத் தேடலாம். ஆகவே பலர் சேர்ந்து ஒரு கூட்டமாகத் தேடுகிறார்கள். கிடைத்தால், யார் எவ்வளவு தேடினாரோ அந்த அளவுக்குப் பங்கு. கிறிஸ்ரி இதை எனக்கு விளக்கியபோது நான் இடையிலேயே நிறுத்தினேன். "இது கரைவலை தானே," என்றேன். கயிற்றில் நின்றவனுக்கு இழுத்த அளவுக்குப் பங்கு. அதற்குப் பிறகு எனக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டிலோஜன் இந்த விஷயத்துக்குள் வந்தது அப்போதுதான். அவருக்குச் சொந்த ஊர் வெள்ளாங்குளம். கடல் தெரியாத வீடு. கோபுரங்களில் ஏறித் தொலைபேசிக் கருவிகள் பூட்டும் வேலை செய்தவர். கரண்ட் வேலை நன்றாகத் தெரியும். அதை நான் மறுக்கவில்லை. என் மகள் அவரை விரும்பினாள். நான் மறுப்புச் சொல்லவில்லை. சீதனமாக ஒரு வீட்டையும் வாடியின் பின்பக்கத்தில் பாதியையும் எழுதிக் கொடுத்தேன். அவரை நான் எப்போதும் 'நீர்' என்றுதான் அழைத்தேன். ஒருநாளும் 'டேய்' என்றதில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2024 மார்ச்சில் வாடியில் ஒரு கூட்டம் வைத்தோம். சரிபுதீனும் ஒரு பங்கு போட விரும்பியதால் வந்திருந்தார். கேள்வி ஒன்றுதான்: கூரையில் இருக்கும் வெயிலை எந்தக் காசுக்குக் கொடுப்பது. கிறிஸ்ரி பிட்கொயின் என்றான். மருமகன், அதை நிறுத்திவிட்டு வேறு வகை மெஷின் வாங்கி லைட்கொயினும் டோஜ்கொயினும் எடுப்போம் என்றார். டோஜ்கொயினில் ஒரு நாயின் முகம் இருக்கிறது. கைபேசியில் காட்டினார். உண்மையிலேயே நாய்தான்.

"அதைத் தொடங்கினவனே பகிடிக்குத்தான் தொடங்கினவன், மச்சான்," என்றான் கிறிஸ்ரி. "நாயின்ர மூஞ்சி போட்ட காசை ஆர் வாங்குவான்?"

"பகிடியெண்டாலும் விக்குது தானே. ஒரே மெஷினில ரெண்டு காசும் சேந்து வரும். ஒரு வலைக்கு ரெண்டு மீன்."

சரிபுதீன் தாடியைத் தடவிக்கொண்டார். "எங்கட வீட்டு வாசலுக்கே நாயை அண்ட விடமாட்டம், தம்பி. காசில ஏறிக்கொண்டு வந்தா மட்டும் உள்ளுக்க விடலாமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். மருமகனும் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

"மாமா, பிட்கொயின் நல்ல காசு. நான் இல்லையெண்டு சொல்லேல்ல. விலையும் ஏறும். ஆனா விலை வேற, எங்கட கைக்கு வாறது வேற. அந்தக் கடலில இண்டைக்குக் கப்பல் கப்பலா இறக்கியிருக்கிறாங்கள். எங்கட பழைய மெஷின் ரெண்டையும் கொண்டுபோய் அங்க என்னத்தைப் பிடிக்கிறது? வாற மாசம் அதின்ர பங்கும் பாதியாகுது. நாலு வருசத்துக்கு ஒருக்கா பாதியாக்கிறது அவங்கட சட்டம். நாய்க்காசுக்கு அப்பிடி ஒண்டும் இல்லை. ஒவ்வொரு நிமிசமும் அதே அளவு வந்துகொண்டே இருக்கும், முடிவில்லாமல்."

இப்போது யோசித்துப் பார்த்தால் நன்றாகத்தான் பேசினார். ஆனால் என் முன்னால் வாதம் முடிந்தால், தீர்ப்பு என்னுடையது.

"முத்துக்கு ஏன் விலை?" என்று கேட்டேன். "கிடையாததால. சாளை மீனுக்கு ஏன் விலை இல்லை? அள்ள அள்ள வாறதால. அளவோட வாறதுதான் பெறுமதியான காசு. எங்கட வீடு முத்துக் குளிச்ச வீடு. நாய்க்குப் பின்னால போகாது. முடிஞ்சுது."

அங்கே அது முடிந்திருக்க வேண்டும். சம்மாட்டி துவாயை உயர்த்தியாயிற்று.

மருமகன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "முத்துக் குளிச்சவையின்ர வீடு ஒண்டை இஞ்ச காட்டுங்கோ பாப்பம், மாமா. சாளை வித்தவையின்ர வீடுதான் றோட்டு நீளத்துக்கு நிக்குது."

சரிபுதீன் சிரித்தார். சிரித்துவிட்டு இருமினார். றொசானா நிலத்தைப் பார்த்தாள். பெற்றிசியா கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கோபப்படவில்லை. நான் எப்போதும் கோபப்படுகிறவன் அல்ல. வேண்டுமானால் ஊரில் கேட்டுப் பாருங்கள்.

அவர் தன் மோட்டார் சைக்கிளை விற்று, தனக்கென்று ஒரு மெஷின் வாங்கினார். அதை ஐஸ் அறையில், கிறிஸ்ரியின் மெஷின்கள் இருந்த அதே இரும்பு றாக்கையில் வைத்தார். அறையில் பாதி என் மகளுடையது. கொடுத்த சீதனத்தைத் திரும்பக் கேட்கிற வீடல்ல எங்கள் வீடு. ஆகவே நான் தடுக்கவில்லை. மூன்று மெஷின்களும் பக்கத்தில் பக்கத்தில் இரைந்துகொண்டிருந்தன.

அந்த அறைக்குள் அவர் இறப்பர் செருப்போடு போவார். வாடியைக் கடந்துதான் அந்த அறைக்குப் போகவேண்டும். அதாவது வலையைக் கடந்து, அந்தோனியாரைக் கடந்து, செருப்போடு. நான் ஒருமுறை கேட்டேன்.

"கரண்ட் இருக்கிற இடம், மாமா. சீமெந்து நிலம். வெறுங்காலோட நிண்டு றாக்கையைத் தொட்டா, ஏதும் ஒழுக்கு இருந்தால் ஆள் முடிஞ்சுது. நீங்களும் போட்டுக்கொண்டு வாங்கோ."

எனக்கு என் வாடியில் செருப்புப் போடச் சொன்னார்.  அன்றே அவர் ஒரு ட்ரிப் சுவிட்சையும் பூட்டினார். கரண்ட் எங்காவது ஒழுகினால் தானாகவே விழுந்துவிடும், ஆளுக்கு ஒன்றும் நடக்காது என்று விளக்கினார். நான் கவனமாகக் கேட்டேன். எந்தக் கம்பி எங்கே போகிறது என்றும் கேட்டு அறிந்துகொண்டேன். எத்தனை வருடம் ஐஸ் அறையை ஓட்டியவன் நான். எனக்கு அது கடினமாக இருக்கவில்லை.

ஏப்ரலில் பிட்கொயினின் பங்கு பாதியானது. அது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. வருட முடிவில் அதன் விலை முன்பு ஒருபோதும் இல்லாத உயரத்துக்குப் போனது. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், இன்ஸ்பெக்டர், ஏனென்றால் எங்கள் ஊரில் ஒருவரும் இதைச் சொல்வதில்லை. நான் பெறுமதி உள்ளது என்று சொன்ன காசு பெறுமதியோடுதான் இருந்தது. நான் பிழைவிடவில்லை. கிறிஸ்ரியின் மெஷின்களுக்கு வந்த பங்கு ஒன்றுமில்லாமல் போனது வேறு விஷயம். புதிய மெஷின்கள் உலகமெல்லாம் இறங்கிவிட்டன. கடல் தரவில்லை.

நாய்க்காசும் அதே மாதங்களில் ஏறியது. மருமகனின் ஒரு மெஷின் வீட்டுச் செலவைப் பார்த்தது, றொசானாவுக்குத் தையல் மெஷின் வாங்கியது, அவருடைய தாயாரின் கண் சத்திரசிகிச்சைக்கும் உதவியது. எனக்கு ஒரு வேட்டி வந்தது. நல்ல வேட்டி. நான் உடுக்கவில்லை.

அதன் பிறகு ஊர் மாறியது. என் கயிற்றில் நின்றவர்கள், என் அப்பாவின் கயிற்றில் நின்றவர்களின் பிள்ளைகள், மாலையில் வாடியின் முன்பக்கத்தைக் கடந்து பின்பக்கத்துக்குப் போனார்கள். எந்தக் காசு ஏறும், எதற்கு மெஷின் வாங்கலாம், நாங்களும் சேரலாமா என்று அவரிடம் கேட்டார்கள். அவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். இதில் ஆபத்தும் இருக்கிறது, கையில் இருக்கிறதை எல்லாம் போடாதீர்கள், இதைப் பணமென்று நாட்டுச் சட்டம் ஏற்கவும் இல்லை என்றும் சொன்னார். நேர்மையான மனிதர். அதை நான் எங்கும் சொல்வேன். மீன் சந்தையில் அவருக்கு 'நாய்ச் சம்மாட்டி' என்று பட்டம் வைத்தார்கள். பகிடிக்குத்தான். பிறகு முன்பாதி உதிர்ந்துபோய் வெறும் சம்மாட்டி ஆயிற்று. ஒருநாள் நான் கடற்கரையால் போகும்போது யாரோ தோணி மறைவில் இருந்து குரைத்தார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் குரைத்தது எனக்குத்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அடுத்த வருடம் வாடைக்காற்று தொடங்க, உப்பும் ஈரமும் அறைக்குள் வந்தன. ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழத் தொடங்கியது. மருமகன் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து தேடி, காரணத்தைக் கண்டுபிடித்தார்.

"கிறிஸ்ரியின்ர பழைய மெஷின் ஒண்டுதான், மாமா. உள்ளுக்குத் துருப்பிடிச்சு றாக்கைக்குக் கரண்டை விடுகுது. எர்த் கம்பியையும் உப்புத் திண்டுபோட்டுது, நான் ஊருக்குப் போட்டு வந்து புதுசு ஒண்டை நிலத்தில இறக்கிறன். அதுவரைக்கும் அந்த மெஷினைக் கழட்டி வைப்பம்."

"அதைக் கழட்டேலாது," என்றேன்.

"அதால ஒரு வருமானமும் இல்லையே, மாமா."

"வருமானத்துக்கு இல்லை."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "சரி மாமா, உங்கட விருப்பம். விழுந்தா விழட்டும், அதுக்குத்தானே ட்ரிப் போட்டது," என்றார். தாயாரின் கண்ணைக் காட்ட வெள்ளாங்குளம் போய்விட்டார்.

அவர் போன பிறகு நான் ட்ரிப் சுவிட்சைச் சுற்றி ஒரு துண்டுக் கம்பியை நேரே கொடுத்தேன். மெஷின் ஓட வேண்டும் என்பதற்காகத்தான். வேறு நினைப்பு அப்போது இருக்கவில்லை. எங்கள் பக்கத்து மெஷின் ஒழுகுகிறது என்று அவர் வந்து ஒவ்வொரு முறையும் சுவிட்சைத் தூக்கிப் போடுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

கம்பியைக் கொடுத்த பிறகு, ஒரு பலகையில் ஏறி நின்று, டெஸ்டரால் றாக்கையைத் தொட்டேன். விளக்கு எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

கிறிஸ்ரியிடம் அந்த அறைப் பக்கம் போகவேண்டாம் என்று சொன்னேன். காரணம் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை. எங்கள் வீட்டில் கேட்பதில்லை. பெண்கள் அங்கே போவதே இல்லை. கதவையும் பூட்டி வைத்தேன். ஆகவே மற்றவர்களின் உயிரோடு நான் விளையாடினேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு குடும்பத்துக்கு மூத்தவன் செய்யவேண்டிய பாதுகாப்பை எல்லாம் செய்திருந்தேன்.

சனிக்கிழமை மருமகன் திரும்பி வந்தார். ஞாயிறு கூட்டம் வைக்கச் சொன்னவர் சரிபுதீன். பழைய மெஷின்களை விற்றுவிட்டு, கூரையில் இருக்கும் வெயில் முழுவதையும் மருமகனின் கையில் கொடுப்பது பற்றிப் பேச வேண்டும் என்றார். கிறிஸ்ரியும் சம்மதித்துவிட்டான் என்று அப்போதுதான் அறிந்தேன். என் மகன்.

ஞாயிறு காலை, பூசைக்குப் போக முதல், ஐஸ் அறை நிலத்தை நன்றாகக் கழுவச் சொல்லிப் பெற்றிசியாவிடம் பூட்டின் திறப்பைக் கொடுத்தேன். "றாக்கையைத் தொடாத, மெஷினில தண்ணி படும். வாசல் பக்கத்தில நிண்டு வாளியால ஊத்து," என்றேன். விருந்தாளி வருகிற நாளில் நிலம் கழுவுவது எங்கள் வீட்டு வழக்கம். அவள் இப்போது தண்ணீர் ஊற்றியது தான்தானே என்று இரவு பகலாக அழுகிறாள். நீங்கள் அவளிடம் போய், அவளில் பிழை இல்லை என்று சொன்னால் நல்லது. நான் சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

அந்த நேரம் நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. ஆயத்தமாக மட்டும் இருந்தேன். இரண்டும் வேறு.

பிளேன்ரீ குடித்தோம். சரிபுதீன் பேசினார். கிறிஸ்ரி என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். மருமகன் கடைசியாகப் பேசினார். அவர் வாயைத் திறந்தபோது, முத்தையும் சாளையையும் பற்றி மீண்டும் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் நான் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன் என்று நினைக்கிறேன். அவமானம் எனக்குப் புதிதில்லை. அவர் கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"மாமா, இதை நான் சொன்னதா இருக்க வேண்டாம். நீங்களே எழும்பி, நாய்க்காசுக்கு மாறுவம் எண்டு சொல்லுங்கோ. உங்கட முடிவாவே இருக்கட்டும். ஊரும் அப்பிடித்தான் கதைக்கட்டும். எனக்கு அதால ஒரு குறையும் இல்லை."

இன்ஸ்பெக்டர், உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா? உங்கள் மருமகன் ஒருநாள் உங்கள் காதருகே வந்து, உங்கள் மரியாதையை உங்களுக்கு இரவலாகத் தருகிறேன் என்று சொல்வதை நினைத்துப் பாருங்கள். அதுவும் அன்பாக. அவருடைய கண்ணில் பரிகாசம் இருந்ததா என்று தேடினேன். இருக்கவில்லை. இருந்திருந்தால் அவர் இன்றைக்கும் இருப்பார்.

"சரி," என்றேன் எல்லோருக்கும் கேட்க. "மாறுவம். அதுக்கு முதல் சரிபுதீனுக்கு உம்மட மெஷினைக் காட்டும். ஆனா இண்டைக்கு வாடியில முடிவு எடுத்த நாள். இண்டைக்காவது செருப்பைக் கழட்டிப்போட்டுப் போம்."

கிறிஸ்ரி, "அப்பா, அதுக்குள்ள செருப்பு வேணும்," என்றான்.

"இண்டைக்கு ஒருநாள்," என்றேன்.

றொசானா கணவரின் கையைத் தொட்டாள். அவர் சிரித்தார். அவருக்கு மகிழ்ச்சி. நான் தன்னை ஏற்றுக்கொண்டேன் என்று நினைத்தார். "விடும் றொசானா, மாமா கேக்கிறார். நான் போட்ட ட்ரிப் இருக்குது தானே. கிழமை முழுக்க விழவும் இல்லையாம், எல்லாம் காஞ்சு சரியாயிட்டுது," என்றார். செருப்பைக் கழற்றி, வாசலில் என்னுடையதற்குப் பக்கத்தில், நேராக வைத்தார். வலையைச் சுற்றிப் போனார். அந்தோனியாருக்குச் சிலுவை போட்டுக்கொண்டார். சரிபுதீன் கோப்பையை முடித்துவிட்டு வருகிறேன் என்றார். நான் எதிர்பார்த்ததும் அதுதான். அவர் ஒருபோதும் கோப்பையை மிச்சம் விடுவதில்லை.

பிறகு நடந்ததை மற்ற நால்வரும் சொல்லியிருப்பார்கள். கரண்ட் அவரைப் பிடித்ததும் றொசானா ஓடினாள். நான் எழுந்து அவளைக் கையில் பிடித்து நிறுத்தினேன். அதனால் அவள் உயிரோடு இருக்கிறாள். கிறிஸ்ரி போய் மெயின் சுவிட்சை இறக்கினான். அது என் கதிரைக்குப் பின்னால் இருந்தது. ஆமாம், எனக்கு மிகக் கிட்ட. எனக்கு முழங்கால் வலி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், அது உண்மைதான். ஆனால் காரணம் முழங்கால் அல்ல.

அவரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு எல்லோரும் பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது நான் வாடியில் தனியே இருந்தேன். அந்தத் துண்டுக் கம்பியைக் கழற்றினேன். இதோ, உங்கள் மேசையில் வைக்கிறேன். ஆகவே உங்கள் ஆட்கள் வந்து பார்த்தபோது ட்ரிப் சுவிட்ச் தன் இடத்தில் ஒழுங்காக இருந்தது. உப்புக்காற்றில் அது பழுதாகி, வேண்டிய நேரத்தில் விழவில்லை என்று முடிவுக்கு வந்தார்கள். அவர் பூட்டியது அவரையே காப்பாற்றவில்லை என்று செத்தவீட்டில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அதில் சங்கடம் இருந்தது. அவர் நல்ல வேலைக்காரர். அந்தச் சுவிட்சில் ஒரு குறையும் இல்லை. அதை நீங்கள் அறிக்கையில் திருத்த வேண்டும்.

கிறிஸ்ரி பழைய மெஷின்களை இரும்புக்கு விற்றுவிட்டான். மருமகனின் மெஷின் இன்னும் ஓடுகிறது. வருவது றொசானாவுக்குப் போகிறது. அவள் என்னோடு கதைப்பதில்லை. ஒன்றும் தெரியாமலேயே கதைப்பதில்லை. ஆனால் என்னை இங்கே வரவைத்தது அது அல்ல. போன கிழமை கிறிஸ்ரி சட்டத்தரணியோடு பேசுவதைக் கேட்டேன். "அப்பாவுக்கு வயது போட்டுது, ஞாபகம் பிசகு. என்ன சொல்லுறம் எண்டு தெரியாமத்தான் செருப்பைக் கழட்டச் சொன்னவர்," என்றான். கதவுக்கு வெளியே நின்று அதைக் கேட்டேன். எங்கள் குடும்பத்தில் சம்மாட்டியாக இருந்த ஒருவரும் தெரியாமல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் முதல் ஆளாக இருக்க மாட்டேன். அந்தக் காலையில் என் ஞாபகத்தில் ஒரு பிசகும் இருக்கவில்லை. இஞ்சி கூடியதுகூட நினைவிருக்கிறது என்று உங்களுக்கு முதலிலேயே சொன்னேன்.

இந்தக் குடும்பத்தின் மானத்தைக் காக்க வேண்டியது என் கடமை. அதைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நம்புகிறேன். இன்று தாழ்வுபாட்டில் யாரும் குரைப்பதில்லை.

கடைசியாக ஒன்று. நான் மருமகனை எச்சரித்தேன் என்று ஊரில் ஒரு கதை உலாவுகிறது. "தொடாதேயும் எண்டு சம்மாட்டியார் கத்தினவர், மெஷின் இரைச்சலில அந்தப் பெடியனுக்குக் கேக்கேல்லை," என்று சொல்கிறார்கள். செத்தவீட்டில் என் கையைப் பிடித்து அதைச் சொல்லி ஆறுதல்படுத்தியவர்களும் உண்டு. பெற்றிசியா அதைத் தன் காதால் கேட்டதாகவே நம்புகிறாள். அந்தக் கதை பொய். நான் கத்தவில்லை. கதவு திறந்திருந்தது, இரைச்சலும் பேச்சுக் கேட்காத அளவுக்கு இருக்கவில்லை. அவர் றாக்கைக்கு முன்னால் நின்று, கையை நீட்டும் முன் என்னைத் திரும்பிப் பார்த்து, "மெஷினை இழுத்துக் காட்டட்டோ, மாமா?" என்று கேட்டார். எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் "ஓம்" என்றேன்.